பழைய வாகனமும் பழகிய மனமும்

 

மார்க்கச் சட்டங்களையும் நபிமொழி விளக்கங்களையும் எதிர்பார்த்து இப்பக்கங்களைப் புரட்டும் தங்களிடம், இம்மாதம் ஒரு பழைய காரைப் பற்றிப் பேச வந்திருக்கின்றேன். மத்ரஸாவில் ஓதிக் கொடுப்பவனுக்குக் காரைப் பற்றி என்ன பேச்சு என்று தாங்கள் எண்ணக்கூடும். நானும் முதலில் அப்படித்தான் எண்ணினேன். பழுது பார்ப்பதா, மாற்றி விடுவதா என்பது பட்டறைக்காரரிடம் கேட்டு முடிக்க வேண்டிய காரியம் என்றே கருதினேன். ஆனால் அந்தக் கேள்விக்குள் வட்டியும் இருந்தது. வீண் விரயமும் இருந்தது. பெற்றோர் மீதுள்ள பாசமும், உயிரென்னும் அமானிதமும், கொடுக்கல் வாங்கலில் நேர்மையும் இருந்தன. ஆண்டுக்கணக்கில் நான் மாணவர்களுக்கு நடத்தி வந்த பாடங்கள் அத்தனையும் ஒரு நாள் என் வீட்டு வாசலிலேயே வந்து நின்றன.

வாப்பா வாங்கிய வண்டி

எங்கள் ஊர் அதிராம்பட்டினம். கடல் அருகிலேயே இருக்கிறது. 2005 ஆம் ஆண்டு அக்டோபரில், வளைகுடா நாட்டில் பல்லாண்டுகள் உழைத்துத் திரும்பிய என் தந்தையார், வெள்ளை நிற மாருதி 800 ஒன்றை ரொக்கம் கொடுத்து வாங்கினார்கள். ஒரு பைசாவும் கடன் இல்லை. வாங்கிய அன்று ஊரில் உள்ள வயதான உறவினர் ஒவ்வொருவரையும் ஏற்றி, பட்டுக்கோட்டை வரை ஒரு சுற்று அழைத்துச் சென்று வந்தது இன்றும் என் கண்முன் நிற்கின்றது.

அக்காலத்தில் நடுத்தரக் குடும்பங்களின் கனவென்றால் அந்தக் கார்தான். 1983 டிசம்பரில் வெளிவரத் தொடங்கி, 2014 ஜனவரியில் உற்பத்தி நிறுத்தப்படும் வரை முப்பதாண்டுக் காலம் இந்நாட்டின் சாலைகளில் அது கோலோச்சியது. மூன்று சிலிண்டர், 796 சி.சி. கொண்ட சிறிய இன்ஜின். எந்தச் சிற்றூரிலும் பழுது பார்க்க ஆள் கிடைப்பார். உதிரி பாகமும் கிடைக்கும்.

அந்த வண்டியில்தான் என் துணைவியாரைத் தலைப்பிரசவத்திற்கு அழைத்துச் சென்றோம். 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் பகுதியின் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்தபோது, பாதை திறந்த இடங்களுக்கெல்லாம் சோற்றுப் பொட்டலங்களை அந்த வண்டியில்தான் கொண்டு சென்றோம். எங்கள் தெருவில் நள்ளிரவில் யாருக்கேனும் நோவு வந்தால், முதலில் தட்டப்படும் கதவு எங்கள் வீட்டுக் கதவாகவே இருந்தது. "இது நமக்கு மட்டும் வாங்கின வண்டி இல்லை வாப்பா" என்று என் தந்தையார் சொல்வார்கள். அன்னார் மறைந்து ஆண்டுகள் பல ஆகியும், அவர்கள் பிடித்த ஸ்டியரிங்கை நான் பிடிக்கும் போதெல்லாம் அவர்களின் கை என் கைமீது இருப்பதாகவே தோன்றும்.

ஆகவே, "இன்னுமா இந்த வண்டியை வைத்திருக்கிறீர்கள்?" என்று யார் கேட்டாலும் எனக்குள் ஒரு பெருமிதமே எழும். எளிமையாக வாழ்கிறேன், ஆடம்பரத்தில் விழவில்லை என்ற பெருமிதம். அந்தப் பெருமிதத்திலும் ஷைத்தானுக்கு ஓர் இடமுண்டு என்பது எனக்குப் பின்னர்தான் விளங்கிற்று.

ஒரு மழையிரவு

2025 செப்டம்பரில் ஒரு நாள், என் தாயாரை இதயப் பரிசோதனைக்காகத் தஞ்சாவூருக்கு அழைத்துச் சென்றேன். திரும்பும்போது இருட்டி விட்டது. ஒரத்தநாட்டைத் தாண்டியதும் பெருமழை பிடித்துக் கொண்டது. முன் இருக்கையில் இருந்த உம்மா, "தம்பி, என் கால் நனையுதே" என்றார்கள். கதவு இடுக்கில் சாரல் அடிக்கிறது போலும் என்று எண்ணி, ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தேன்.

சிறிது தொலைவு சென்றதும் குறுக்கே ஒரு மாடு வந்தது. பிரேக்கை அழுத்தினேன். வண்டி நின்றது, ஆனால் நேராக நிற்கவில்லை. இடப்பக்கமாக இழுத்துச் சென்று, சாலையோரத்துப் புளியமரத்திற்கு ஒரு முழம் முன்னால் போய் நின்றது. முன் சக்கரத்தின் பக்கம் "டக்" என்று ஓர் ஓசை. உம்மா கலிமாவை ஓதிக் கொண்டிருந்தார்கள். எனக்கு நா வறண்டு விட்டது. அல்லாஹ்வின் கிருபையால் எவருக்கும் எதுவும் நேரவில்லை. நடந்து செல்பவரின் வேகத்தில் வண்டியை உருட்டிக் கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன்.

மறுநாள் காலை, எங்கள் வண்டியை இருபதாண்டுகளாகப் பார்த்து வரும் மெக்கானிக் அண்ணன் அதைத் தூக்கி நிறுத்தி, தரையில் கிடந்த மிதியடியை விலக்கினார். ஒரு ஸ்குரூ டிரைவரை எடுத்து உம்மா கால் வைத்திருந்த இடத்தில் மெல்லக் குத்தினார். அப்பளத்தைக் குத்தியது போல் அது உள்ளே இறங்கி மறுபக்கம் வந்தது. பிறகு முன்பக்கம் சென்று, சக்கரத்தின் அதிர்வைத் தாங்கும் உறுப்பு உடற்கூட்டோடு இணையும் இடத்தைக் காட்டினார். அங்கும் துரு ஏடு ஏடாக உரிந்து கிடந்தது.

"ஹஜ்ரத், இன்ஜினைப் பத்தி நீங்க கவலைப்படாதீங்க. அதை நான் புதுசாக்கித் தந்துடுவேன். ஆனா இது கூடு. கூடு போயிடுச்சுன்னா நான் என்ன செய்ய முடியும்?" என்றார் அவர்.

இந்த இடத்தில் வாசகர்கள் ஒன்றை அறிந்து கொள்வது நலம். லாரி, ஜீப் போன்ற வண்டிகளுக்கு அடிச்சட்டம் தனியாகவும் மேற்கூடு தனியாகவும் இருக்கும். சிறிய கார்களுக்கு அப்படியன்று. தரை, பக்கம், கூரை யாவும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்ட தகட்டுக் கூடே அதன் எலும்பும் ஆகும். ஆகவே தரைத்தகட்டில் விழுந்த ஓட்டையைத் துணியில் விழுந்த கிழிசலாகக் கருதலாகாது. அது எலும்பில் விழுந்த விரிசல். அதிலும் எங்களைப் போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று தகட்டை உள்ளிருந்தே அரித்து விடுகின்றது. வெளிப்பூச்சு பளபளவென்றே இருக்கும். மனிதரிலும் அப்படிச் சிலர் உண்டல்லவா?

ஆளுக்கொரு யோசனை

வீட்டில் ஆலோசனை நடந்தது. பள்ளி இறுதி வகுப்பில் பயிலும் என் மகன், "இன்ஜின் வேலை பார்த்து, பெயிண்ட் அடித்து, நல்ல சக்கரமும் பாட்டுப் பெட்டியும் போட்டு விட்டால் புது வண்டி மாதிரி ஆகிவிடும் வாப்பா. பழைய மாருதியை இப்படி அழகுபடுத்தி ஓட்டுவதுதான் இப்போது மதிப்பு" என்றான்.

சென்னையிலுள்ள என் மச்சானோ, "பழையதில் போட்ட காசு பாழ். செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. வரி 18 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது. இதுதான் தருணம். கையில் உள்ளதை முன்பணமாகக் கட்டி, மீதிக்குக் கடன் போட்டுப் புதிதாகவே எடுத்து விடுங்கள் மச்சான்" என்று தொலைபேசியில் வற்புறுத்தினார்.

உம்மா ஒன்றும் சொல்லவில்லை. தஸ்பீஹை உருட்டிக் கொண்டு வாசலில் நின்ற வண்டியையே பார்த்துக் கொண்டிருந்தார்கள். அந்த மௌனமே மற்ற எல்லாரின் பேச்சையும் விட எனக்குக் கனமாக இருந்தது.

கணக்குப் பார்த்தேன்

முதலில் பழுது பார்ப்பதற்கான கணக்கை ஒரு தாளில் எழுதினேன். இன்ஜினை இறக்கி, போர் அடித்து, பிஸ்டனும் ரிங்கும் மாற்ற 28,000 ரூபாய். அரித்த தகடுகளை வெட்டி எடுத்துப் புதுத் தகடு பற்றவைக்க 35,000. சக்கர இணைப்பு, பிரேக், ஸ்டியரிங் வேலைகளுக்கு 17,000. நான்கு டயர்களுக்கு 12,000. பெயிண்டுக்கு 25,000. இவற்றோடு பதிவுப் புதுப்பிப்பும் சேர்ந்து கொண்டது. சொந்தக் காருக்குப் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். முன்பு 600 ரூபாயாக இருந்த அக்கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆயிற்று. 2025 ஆகஸ்டில் இருபதாண்டு கடந்த கார்களுக்கு 10,000 ஆக உயர்ந்தது. எங்கள் வண்டிக்கு அந்த அக்டோபரில்தான் இருபது முடிகிறது. மொத்தம் 1,27,000 ரூபாய். இவ்வளவும் செய்த பின் சந்தையில் அதன் விலை 70,000 ரூபாயைத் தாண்டாது என்றார் மெக்கானிக் அண்ணன்.

விலைக்கு மேல் செலவழிப்பது தவறு என்று மட்டும் இதிலிருந்து முடிவு கட்டிவிட முடியாது. விற்பதற்காக அன்றி ஓட்டுவதற்காகவே ஒருவர் செலவு செய்கிறார் என்றால் அதில் நியாயம் உண்டு. மூன்று இலட்சம் கொடுத்து வேறு வண்டி வாங்குவதைவிட, ஒன்றேகால் இலட்சத்தில் கைப்பழக்கமான வண்டி இன்னும் ஐந்தாண்டு ஓடும் என்றால் அதுவே சிக்கனம். எனவே நான் மெக்கானிக்கிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "இத்தனையும் செய்த பிறகு, என் தாயாரை இதில் ஏற்றித் தஞ்சாவூர் போகலாம் என்று உறுதி சொல்வீர்களா?"

அவர் கையைத் துடைத்துக் கொண்டே, "ஓடும் ஹஜ்ரத். ஆனா சத்தியம் பண்ண மாட்டேன்" என்றார். தமக்குக் கிடைக்கவிருந்த பெரிய வேலையைத் தாமே தட்டிவிட்ட அந்த மனிதரின் நேர்மையை நான் இன்றும் மெச்சுகின்றேன்.

மேலும் அவர் சொன்னவை: 2019 ஏப்ரல் முதல் புதிய கார்களில், திடீரென்று பிரேக் அடித்தாலும் சக்கரம் பூட்டிக் கொள்ளாத ஏ.பி.எஸ். அமைப்பு கட்டாயம். 2022 முதல் முன் இருக்கைகள் இரண்டிற்கும் காற்றுப்பை கட்டாயம். இவற்றைப் பழைய வண்டியில் கொண்டு வந்து பொருத்த இயலாது. மேலும் இப்போது விற்கப்படும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலுக்காகப் பழைய வண்டிகளின் ரப்பர் குழாய்கள் செய்யப்படவில்லை. அவற்றையும் அடிக்கடி பார்த்து மாற்ற வேண்டியிருக்கும்.

மகன் கேட்ட அழகுச் சக்கரமும் பாட்டுப் பெட்டியும் இந்தக் கணக்கில் எங்கு வரும்? ஓட்டை விழுந்த படகுக்குப் பாய்மரத்தில் சித்திரம் தீட்டுவது போன்றதன்றோ அது! அவனைப் பட்டறைக்கே அழைத்துச் சென்று, அந்த ஸ்குரூ டிரைவரைக் கையில் கொடுத்தேன். ஒரே ஒரு முறை குத்திப் பார்த்தான். அதன் பிறகு சக்கரத்தைப் பற்றி அவன் பேசவில்லை.

நம்மை நாமே அழிவில் தள்ளிக் கொள்ளலாகாது என்று திருமறை அல் பகரா அத்தியாயத்தில் எச்சரிக்கின்றது. ஒட்டகத்தைக் கட்டி வைத்துவிட்டு அதன் பிறகு இறைவன் மீது பொறுப்புச் சாட்டும்படி அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கற்பித்ததை நாம் அறிவோம். துருப்பிடித்த வண்டியில் தாயை ஏற்றிவிட்டு "தவக்கல்" என்று நான் சொன்னால், அது தவக்கல் ஆகாது. சோம்பலுக்கு இட்ட அழகிய பெயரே ஆகும்.

கடன் என்னும் வாசல்

பழுது பார்ப்பதில்லை என்று முடிவாயிற்று. இனி மச்சானின் யோசனை. அதையும் கணக்காகவே பார்த்தேன். 4,00,000 ரூபாய் கடன், ஆண்டுக்கு 9 விழுக்காடு, ஏழாண்டுத் தவணை என்றால் மாதம் ஏறத்தாழ 6,435 ரூபாய் கட்ட வேண்டும். முடிவில் கட்டும் தொகை 5,40,000 ரூபாயைத் தாண்டும். வட்டி மட்டும் ஏறத்தாழ 1,40,000! பழைய வண்டியைப் பழுது பார்க்கும் செலவைவிட அதிகம்.

ஆனால் சகோதரர்களே, வட்டி குறைவாக இருந்திருந்தால் மட்டும் ஆகுமாகி விடுமா? வட்டி வாங்குபவர், கொடுப்பவர், எழுதுபவர், சாட்சியாக நிற்பவர் ஆகிய அனைவரையும் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரே தட்டில் வைத்துச் சபித்தார்கள் என்பது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள செய்தி. அதை ஓதிக் கொடுக்கும் நான், கடன் தாளில் கையெழுத்திட்டு வாங்கிய வண்டியில் ஏறி மத்ரஸாவுக்குச் சென்று இறங்கினால், பிள்ளைகள் என் பாடத்தைக் கேட்பார்களா, என் வண்டியைப் பார்ப்பார்களா?

"வட்டியில்லாத் தவணை" என்றொரு விளம்பரத்தையும் மச்சான் அனுப்பினார். அதை ஊன்றிப் படித்தேன். ரொக்கத்திற்கு வாங்குபவருக்குக் கிடைக்கும் தள்ளுபடி தவணைக்காரருக்கு இல்லை. நடைமுறைக் கட்டணம் என்று ஒரு தொகையும் தனியே உண்டு. வாசல் வழியாக அனுப்பிய வட்டி சன்னல் வழியாக வந்து உட்கார்ந்து கொள்கின்றது. 2013 ஆம் ஆண்டிலேயே ரிசர்வ் வங்கி இத்தகைய சுழிய வட்டித் திட்டங்களைக் கண்டித்து வங்கிகளுக்குச் சுற்றறிக்கை விடுத்தது. மறைந்திருக்கும் வட்டியை மார்க்கம் அறியாதவர்களே கண்டு சொல்லும்போது, அறிந்த நாம் கண்ணை மூடிக் கொள்ளலாமா?

மறைக்கப்பட்ட ஈரம்

இனி நான் சொல்லப் போவது எனக்கு வெட்கம் தரும் செய்தி. எனினும் இதைச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரையை எழுதியதில் பொருளில்லை.

பழைய வண்டிகளை வாங்கி விற்கும் தரகர் ஒருவர் வந்தார். வண்டியைச் சுற்றிப் பார்த்தார். "பாய், 55,000 தர்றேன். தரைக்கு ஒரு தகடு வச்சு ரிவிட் அடிச்சு, மேல கறுப்புப் பூச்சு அடிச்சா ஒண்ணும் தெரியாது. முன்னாடி பட்டி வச்சுப் பெயிண்ட் அடிச்சுடலாம். ஒரு தம்பி கேட்டுட்டே இருக்காரு, பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏத்தி இறக்குறதுக்கு" என்றார். முன்பணமாக 2,000 ரூபாயை நீட்டினார்.

பழைய இரும்பாகப் போட்டால் 19,000 ரூபாய்தான் கிடைக்கும் என்று நான் முன்பே விசாரித்திருந்தேன். இடையில் 36,000 ரூபாய் வித்தியாசம். ஒரு மத்ரஸா ஆசிரியனுக்கு அது சிறு தொகையன்று. "நான் தரகரிடம் விற்கிறேன், அவருக்குத்தான் குறை தெரியுமே! அதன் பிறகு அவர் யாருக்கு எப்படி விற்றால் எனக்கென்ன?" என்று மனம் ஒரு ஃபத்வா கொடுத்தது. நான் பணத்தை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டேன்.

மறுநாள் காலை வகுப்பு. பொன்னானி செய்னுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்களின் ஃபத்ஹுல் முயீன் நூலில் கொடுக்கல் வாங்கல் பாடம் நடந்து கொண்டிருந்தது. அன்றைய பகுதி, விற்ற பொருளில் மறைவான குறை வெளிப்பட்டால் வாங்கியவருக்குள்ள உரிமை பற்றியது. வழக்கமாகச் சொல்லும் விளக்கத்தைச் சொல்லத் தொடங்கினேன். மதீனாவின் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்ததென்று வணிகர் காரணம் சொன்னார். மக்கள் காணும்படி அந்த ஈரத்தை மேலே வைத்திருக்கலாகாதா என்று நாயகம் கேட்டு, வஞ்சிப்பவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்று அறிவித்தார்கள். இந்நிகழ்ச்சியை எத்தனையோ ஆண்டுகளாகச் சொல்லி வருகின்றேன். அன்று "ஈரம்" என்ற சொல்லை உச்சரித்ததும், என் உம்மாவின் நனைந்த பாதங்கள் நினைவுக்கு வந்தன.

குறையைச் சொல்ல வேண்டியவர் விற்பவர் மட்டுமல்லர். அதை அறிந்த மூன்றாம் ஆளும் வாங்குபவரிடம் சொல்லியாக வேண்டும் என்பது நம் ஷாஃபிஈ சட்ட அறிஞர்களின் தீர்ப்பு. அதை என் வாயாலேயே மாணவர்களுக்கு விளக்கினேன். சட்டைப் பையிலிருந்த 2,000 ரூபாய் நெஞ்சைச் சுட்டது. தரகருக்குத் தெரியும் என்பது எனக்கு எப்படி விடுதலை தரும்? அந்த வண்டியில் ஏறப்போகும் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரியாதே! என் தாயை ஏற்ற அஞ்சிய வண்டியில் பிறர் பிள்ளைகளை ஏற்ற நான் விலை பேசி முடித்திருக்கின்றேன்.

வகுப்பு முடிந்ததும் நேரே தரகரைத் தேடிச் சென்று பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். "விலை பத்தலைன்னா சொல்லுங்க பாய், ரெண்டாயிரம் சேர்த்துத் தர்றேன்" என்றார். விலை பற்றியதன்று என்றேன். அவர் நம்பவில்லை. ஏன் நம்ப வேண்டும்? முதல் நாள் பணத்தை வாங்கிக் கொண்டவனும் நான்தானே!

உம்மா சொன்னது

அப்படியானால் எஞ்சியது ஒரே வழி. முறைப்படி வண்டியை உடைக்கக் கொடுத்து விடுவது. மைய அரசு 2021 ஆம் ஆண்டு வகுத்த விதிகளின்படி, பதிவு பெற்ற வாகன அழிப்பு நிலையத்தில் ஒப்படைத்தால் அதற்கொரு சான்றிதழ் தருவார்கள். அதைக் கொண்டு வட்டாரப் போக்குவரத்து அலுவலகப் பதிவை நீக்கி விடலாம். பதிவை நீக்காமல் காயலான் கடையில் போட்டுவிட்டு வருவது ஆபத்து. நம் பெயரிலுள்ள எண் பலகை வேறெங்கோ வேறெதற்கோ பயன்பட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நாமே.

இதை உம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தவித்தேன். வாப்பாவின் நினைவாக எஞ்சியிருந்த பெரிய பொருள் அதுவொன்றே. இறுதியில், இஷா தொழுகைக்குப் பின் அவர்கள் அருகில் அமர்ந்து, தரகரிடம் பணம் வாங்கித் திருப்பிக் கொடுத்தது உட்பட எல்லாவற்றையும் சொன்னேன்.

உம்மா வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "புள்ளைய மழையில நனையக் கூடாதுன்னுதான் உன் வாப்பா அந்த வண்டிய வாங்குனாக. இப்ப மழை உள்ளேயே வருதே தம்பி. அனுப்பிடு" என்றார்கள். சற்றுப் பொறுத்து, "அந்தச் சாவிய மட்டும் என்கிட்ட தந்துடு" என்றார்கள்.

வாகனத்தை ஒப்படைக்கும் இடத்தில் சாவியையும் கேட்பார்கள். நல்லவேளை, இரண்டு சாவிகள் இருந்தன. வாப்பா பயன்படுத்திய சாவி இன்று உம்மாவின் தஸ்பீஹோடு ஒரே பெட்டியில் இருக்கின்றது.

வாசலில் வெற்றிடம்

இவ்வரிகளை எழுதும் இன்று எங்கள் வாசலில் கார் இல்லை. "பழுது பார்ப்பதா, மாற்றுவதா" என்று கேட்டுக் கொண்டிருந்த எங்களில் எவருக்கும், "இப்போது கார் வேண்டுமா?" என்ற மூன்றாவது கேள்வி தோன்றவேயில்லை. அதைக் கேட்டவர் என் துணைவியார். இரண்டு மாதத்திற்கு ஒரு முறை உம்மாவைத் தஞ்சாவூர் அழைத்துச் செல்ல வாடகைக் காருக்கு 2,500 ரூபாய். ஆண்டுக்கு 15,000. பழைய வண்டிக்கு இன்ஷூரன்ஸ், சர்வீஸ், சில்லறைப் பழுது என்று ஆண்டுதோறும் நாங்கள் செலவிட்டதோ 30,000 ரூபாய்க்குக் குறையாது, பெட்ரோல் தனி. இருபதாண்டுகளில் ஒரு முறையும் இதை நாங்கள் கூட்டிப் பார்த்ததில்லை.

எனினும் கணக்குக்குள் அடங்காத ஒன்றும் உண்டு. வண்டி போன மறுமாதம், ஒரு நள்ளிரவில் கதவு தட்டப்பட்டது. எதிர் வீட்டுத் தம்பி நின்றார். அவர் தாயாருக்கு மூச்சுத் திணறல். "காக்கா, வண்டி..." என்று தொடங்கியவர், வெறும் வாசலைத் திரும்பிப் பார்த்து நிறுத்திக் கொண்டார். 108க்கு அழைத்தோம், அது வந்து சேர்ந்தது, அந்த அம்மையார் நலமாக இருக்கின்றார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஆயினும் அந்த ஒரு பார்வை என்னை உறங்க விடவில்லை. நல்ல வாகனம் அமைவதும் மனிதனின் நற்பேறுகளில் ஒன்று என்னும் கருத்துப்பட நாயகம் (ஸல்) அவர்கள் கூறியிருப்பது, அது பிறருக்கும் உதவுவதால்தானோ என்று எண்ணிக் கொண்டேன்.

ஆகவே மீண்டும் ஒரு வண்டி வாங்கவே எண்ணியுள்ளோம், ஆனால் வட்டியின்றி. எங்கள் முஹல்லாவில் 24 பேர் சேர்ந்து மாதம் 5,000 ரூபாய் வீதம் குலுக்கல் சீட்டுத் தொடங்கியிருக்கின்றோம். ஏலச்சீட்டில் அவசரக்காரர் தள்ளுபடி கொடுத்து முந்திக் கொள்வார். அவர் இழப்பதை மற்றவர் பங்கு போடுவர். அதில் வட்டியின் வாடை வீசுகின்றது. குலுக்கல் சீட்டிலோ ஒவ்வொருவரும் கட்டியதையே பெறுகின்றார். முன்போ பின்போ என்பது மட்டுமே வேறுபாடு. அதில் வரும் 1,20,000, இரும்பாகப் போட்டு வந்த 19,000, சிறு சேமிப்பு ஆகியவற்றோடு, மச்சானும் 1,00,000 ரூபாயை அழகிய கடனாகத் தர முன்வந்துள்ளார். வங்கிக் கடனுக்கு வற்புறுத்தியவரே மனம் மாறி இதைச் செய்தது எனக்குப் பெருமகிழ்ச்சி. உறவுக்குள்தானே என்று விட்டுவிடாமல், தொகையையும் தவணையையும் இருவர் சாட்சியோடு எழுதிக் கொள்வதென்று முடிவு செய்துள்ளோம். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதி வைப்பது பற்றியதல்லவா!

புதிய வண்டி வாங்க அத்தொகை போதாது. 2022க்குப் பிந்திய, காற்றுப்பையும் ஏ.பி.எஸ்.ஸும் உள்ள பழைய வண்டி ஒன்றை வாங்குவோம், இன்ஷா அல்லாஹ். வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும் என்பதை இப்போது நான் நன்கு கற்றிருக்கின்றேன். தங்களுக்கும் அது பயன்படலாம். பளபளப்பைப் பார்க்காதீர்கள், மிதியடியை விலக்கித் தரையைத் தட்டிப் பாருங்கள். வண்டியைத் தூக்கிச் சக்கரம் இணையும் இடங்களைப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்றிருக்கும். முதல் இரண்டு வாரத்தையும், பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும். 2318 என்றிருந்தால் அது 2018 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரத்தில் செய்யப்பட்டது; வரிகள் தேயாதிருந்தாலும் அந்த ரப்பர் முதுமை அடைந்து விட்டது. பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். அதை எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். தங்களிடமுள்ள வண்டிக்கும் இதே சோதனையைச் செய்யுங்கள். இன்ஜினும் பிரேக்கும் பழுதென்றால் செப்பனிடுங்கள், அதுவே சிக்கனம். கூடு அரித்திருந்தால் விட்டு விடுங்கள். விற்பதாயின் ஈரத்தை மேலே வைத்து விற்பனை செய்யுங்கள்.

சீட்டில் என் பெயர் எந்த மாதம் வருமோ, அறியேன். அதுவரை நடந்தும் பேருந்திலும் மத்ரஸாவுக்குச் செல்கின்றேன். காரில் சென்ற காலத்தில் கண்ணாடிக்கு அப்பால் கையசைத்துக் கடந்து போன முகங்களுக்கு இப்போது நின்று ஸலாம் சொல்கின்றேன்.

வல்ல அல்லாஹ் நம் வருவாயை ஹலாலானதாகவும், நம் பயணங்களைப் பத்திரமானதாகவும், நம் கொடுக்கல் வாங்கலை ஒளிவு மறைவற்றதாகவும் ஆக்கி அருள்வானாக! நம்மைவிட்டு மறைந்த பெற்றோர்கள் பிறருக்குச் செய்த உதவிகளை ஏற்று, அவர்களின் கப்ருகளை விசாலமாக்குவானாக! ஆமீன்.